குடலிறக்கமும் அதற்குரிய ரண சிகிச்சையும்

கிராமவாசியின் தேக உழைப்பே கிராமத்தின் முதன்மையான மூலதனமாகும். மாட்டுக்கு நோய் கண்டாலும், தறியில் பழுது நேர்ந்தாலும், கிணற்றின் சுவர் சரிந்தாலும் உடனே கவனித்துச் சீர்செய்யும் குடியானவர், தம் உடம்பில் தோன்றும் ஒரு குறையை மட்டும் வெட்கத்தாலோ, அச்சத்தாலோ, செலவைக் கருதியோ வருஷக்கணக்காக மறைத்து வைப்பது வழக்கமாயிருக்கிறது. அவ்வாறு மறைக்கப்படும் நோய்களுள் முக்கியமானது குடலிறக்கம். தொடையும் அடிவயிறும் சேரும் இடுக்கில் நோவும் புடைப்பும் உண்டாகி, நாளடைவில் வேலைக்குத் தடையாகி, சிற்சில சமயங்களில் திடீரென்று உயிருக்கே அபாயத்தை விளைவிப்பது இந்நோய். காலத்தில் கவனித்தால் ஒரு மணி நேரத்து ரண சிகிச்சையால் பெரும்பாலும் தீர்ந்துவிடக்கூடியதும் இதுவே. ஆகையால் இதன் தன்மையையும் பரிகாரத்தையும் கூட்டுறவு சங்கத்து அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் அவசியம்.

நோயின் தன்மை

வயிற்றினுள் குடல் முதலிய உறுப்புக்களைத் தாங்கி நிற்பது தசைகளாலும் உறுதியான சவ்வுகளாலும் அமைந்த ஒரு சுவர். அச்சுவரில் பலக்குறைவான இடம் ஒன்று ஏற்படுமாயின், இருமும்போதும், முக்கும்போதும், பளு தூக்கும்போதும் உள்ளிருந்து உண்டாகும் அழுத்தத்தால் வயிற்றின் உட்சவ்வு அவ்விடத்தின் வழியே பை போல வெளியே பிதுங்குகிறது. அப்பைக்குள் குடலின் ஒரு பகுதியோ, குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்போ இறங்குகிறது. லாரிச் சக்கரத்தின் மேல் டயரில் வெட்டு விழுந்தால் உள்ளிருக்கும் டியூப் அவ்வெட்டின் வழியே புடைத்து வருவதைச் சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் உள்ளோர் கண்டிருப்பார்கள். குடலிறக்கமும் அத்தன்மையதே. டியூப்பில் குற்றமில்லை, மேல் டயரில்தான் குற்றம். அதுபோலவே குடலில் நோயில்லை. வயிற்றுச் சுவரில்தான் குறை.

தொடையிடுக்கில் இக்குறை மிகுதியாக ஏற்படுவதற்குக் காரணம் உண்டு. ஆண் குழந்தை தாயின் கருப்பையில் இருக்கும்போது அதன் விரைகள் முதலில் வயிற்றினுள் சிறுநீரகங்களுக்கு அருகில் தோன்றி, பின்னர் மெல்லக் கீழிறங்கி, வயிற்றுச் சுவரிலுள்ள ஒரு வழியினூடே விரைப்பையை அடைகின்றன. அவை இறங்கிய வழி பிறகு மூடிக்கொள்ள வேண்டும். மூடாது நின்றுவிட்டால் குழந்தைப் பருவத்திலோ வாலிபத்திலோ அவ்வழியே குடல் இறங்குகிறது. நடுவயதுக்கு மேற்பட்டவர்களுக்கோ, அவ்வழியின் பின்புறச் சுவர் தளர்ந்து போவதால் புடைப்பு உண்டாகிறது. ஆண்களில் நூற்றுக்கு 27 பேருக்கும், ஸ்திரீகளில் நூற்றுக்கு 3 பேருக்கும் ஆயுளில் ஒரு முறையாவது தொடையிடுக்கில் குடலிறக்கச் சிகிச்சை அவசியமாகலாம் என்று இங்கிலாந்தில் எடுத்த கணக்கொன்று காட்டுகிறது. உலகெங்கும் வருஷந்தோறும் 2 கோடிக்கு மேற்பட்ட தொடையிடுக்குக் குடலிறக்க ரண சிகிச்சைகள் நடைபெறுகின்றன. ஆகவே இது வெட்கப்பட வேண்டிய நோயன்று. ஒழுக்கக் குறைவால் வருவதுமன்று.

தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இந்நோய் இருந்தவர்களுக்கும், நாட்பட்ட இருமல் உள்ளவர்களுக்கும், புகை பிடிப்பவர்களுக்கும், மலச்சிக்கலால் முக்குகிறவர்களுக்கும், வயது முதிர்ந்து சிறுநீர் தடைப்படுகிறவர்களுக்கும் இது வருவதற்கு அதிக இடமுண்டு. பளு தூக்குவது ஒன்றே நோயை உண்டாக்குகிறது என்பது முற்றிலும் நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் முன்னமே பலமற்றிருக்கும் இடத்தில் பளு தூக்குதல் புடைப்பை வெளிப்படுத்தி, நோவை அதிகப்படுத்தும் என்பதை ஜவ்வரிசி ஆலைகளில் மூட்டை சுமப்போரும், லாரிகளில் சரக்கு ஏற்றுவோரும் அனுபவத்தில் அறிவார்கள்.

அடையாளங்கள்

நிற்கும்போதும் இருமும்போதும் தொடையிடுக்கில் ஒரு புடைப்புத் தோன்றி, படுத்தால் உள்ளே போய்விடுவது இந்நோயின் பிரதான அடையாளம். மாலையில் பாரமாகவும், இழுப்பதுபோலவும், எரிச்சலாகவும் நோவு இருக்கலாம். சிலருக்கு நோவே இராது. புடைப்பு மெல்லப் பெரிதாகி விரைப்பைக்குள் இறங்குவதும் உண்டு.

தொடையிடுக்கில் நோவு கண்ட மாத்திரத்தில் அது குடலிறக்கம்தான் என்று முடிவுசெய்தல் தவறு. தொடைத் தசை சுளுக்கிக்கொண்டாலும், இடுப்பு மூட்டுத் தேய்ந்தாலும், சிறுநீர்க் குழாயில் கல் இறங்கினாலும், காலில் புண்ணிருந்து நெறி கட்டினாலும் அவ்விடத்தில் நோவு உண்டாகும். விரைப்பையில் நீர் கோர்த்துக்கொள்ளும் விரைவாதத்தையும் ஜனங்கள் குடலிறக்கமென்றே கருதுவதுண்டு. விரைவாதத்தில் வீக்கம் விரைப்பையோடு நின்றுவிடும், படுத்தாலும் மறையாது. இளைஞர்களுக்குத் திடீரென்று ஒரு விரையில் கடும் நோவும் வாந்தியும் கண்டால், விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சுமார் 6 மணி நேரத்திற்குள் முறுக்கை நீக்காவிடில் அவ்விரை அழிந்துபோகும். ஆகையால் அதற்கு ஒரு கணமும் தாமதம் கூடாது. புடைப்பு இல்லாமல் நோவு மட்டும் உள்ளவர்கள் அதன் காரணத்தைத் தேர்ந்த வைத்தியரிடம் ஆராய்ந்தறிந்த பின்னரே ரண சிகிச்சையைப் பற்றி யோசிக்கவேண்டும். இல்லாத குடலிறக்கத்திற்குச் செய்யும் ரண சிகிச்சையால் நோவு தீராது.

ஸ்திரீகளுக்குத் தொடையின் மேற்புறத்தில், இரத்தக் குழாய்கள் செல்லும் வழியில், ஒரு வகைக் குடலிறக்கம் உண்டாவது ஆண்களைவிட அதிகம். அப்புடைப்புச் சிறியதாயிருப்பதால் கவனிக்கப்படாமற் போகிறது. ஆனால் அதன் வாய் குறுகலானதாகையால் குடல் சிக்கிக்கொள்ளும் அபாயம் அதில் மிகுதி. எனவே தாய்மார்கள் அவ்விதப் புடைப்பைக் கண்டால் கூச்சப்படாமல் கிராம சுகாதார செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்து வைத்தியரிடமோ உடனே தெரிவிக்கவேண்டும்.

சிசுக்களுக்குத் தொடையிடுக்கில் குடலிறக்கம் கண்டால் தாமதமின்றி வைத்தியரிடம் காட்டவேண்டும். அது தானே மறையும் என்று காத்திருத்தல் ஆகாது. தொப்புளில் காணும் புடைப்போ இதற்கு வேறானது. அது பெரும்பாலும் 4, 5 வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். அதன்மேல் காசு வைத்துக் கட்டுவதால் பயனில்லை. தோல் புண்ணாவதற்கே அது இடமாகும்.

அபாயக் குறிகள்

இந்நோயில் அஞ்சத்தக்கது ஒன்றே. வெளியே வந்த குடல், வாயிலின் குறுகலால் நெரிக்கப்பட்டு, இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் போவதே அது. பின்வரும் குறிகளை ஒவ்வொருவரும் மனதிற் பதித்துக்கொள்ள வேண்டும்:

1. வழக்கமாக உள்ளே போகும் புடைப்பு போகாமல் நிற்றல்.
2. புடைப்பு கெட்டியாகி, தொட்டால் தாங்கமுடியாத நோவு கொடுத்தல்.
3. வாந்தியும் வயிற்று உப்பசமும் கண்டு, மலமும் காற்றும் வெளிப்படாமல் நின்றுபோதல்.
4. புடைப்பின் மேல் தோல் சிவந்தோ கருத்தோ போதல், ஜுரம் காணுதல்.

இவற்றுள் எது தோன்றினும், குடல் சில மணி நேரத்தில் அழுகிவிடலாம். அப்போது புடைப்பைப் பலவந்தமாக அழுத்தி உள்ளே தள்ளுதல் கூடாது. எண்ணெய் தடவி உருவுதல் கூடாது. விளக்கெண்ணெய் முதலிய பேதி மருந்துகளை ஒருபோதும் கொடுக்கலாகாது. ரண சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்குமாதலால் ஆகாரமும் தண்ணீரும் கொடாமல், 108 என்ற எண்ணுக்குத் தெரிவித்து ஆம்புலன்ஸ் வண்டியை வரவழைத்து, ரண சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு செல்லவேண்டும். இரவு கழியட்டும் என்று காத்திருந்து, விடியற்காலையில் புறப்பட்டவர்கள் குடலின் ஒரு பகுதியை இழக்க நேரிடுவதுண்டு. உயிரையே இழப்பதும் உண்டு.

ரண சிகிச்சை வளர்ந்த விதம்

சுவரிலுள்ள குறையை மருந்து உண்டு அடைக்க இயலாது. லேகியமும் தைலமும் இதனைக் குணப்படுத்தா. இடுப்பில் கட்டும் கச்சைப்பட்டை புடைப்பைச் சில காலம் அடக்கி வைக்குமேயன்றித் தீர்க்காது. உள்ளே போகாத புடைப்பின்மேல் அதனை இறுக்கிக் கட்டுவது கெடுதல். ஆகவே ரண சிகிச்சை ஒன்றே நிரந்தரமான பரிகாரம்.

இத்தாலி தேசத்தில் பாதுவா நகரத்து ரண வைத்தியர் எதுவார்தோ பாசினி என்பவர் 1887-ம் வருஷத்தில் தமது முறையை வெளியிட்டார். தளர்ந்த சுவரின் தசைகளை இழுத்து, கீழேயுள்ள உறுதியான தசைநாருடன் சேர்த்துத் தைப்பது அவர் முறை. நவீன குடலிறக்கச் சிகிச்சை அவரிடமிருந்தே தொடங்குகிறது. ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. பழந்துணியில் விழுந்த கிழிசலின் இரு ஓரங்களையும் இழுத்துப் பிடித்துத் தைத்தால், தையல் பிடித்த இடத்திலேயே துணி மறுபடி கிழியும் என்பது சேலத்து நெசவாளர் எவருக்கும் தெரிந்ததே. அதே கிழிசலுக்கு, ஓரங்களை இழுக்காமல், மேலே ஓர் ஒட்டுத்துணி வைத்துத் தைத்தால் நிலைக்கும். தேகத்திற்கும் இவ்விதியே பொருந்தும். அமெரிக்காவில் பிரான்சிஸ் அஷர் என்ற ரண வைத்தியர் 1958-ம் வருஷத்தில் செயற்கை இழையால் ஆகிய வலையை இதற்கு உபயோகித்த செய்தியை வெளியிட்டார். இர்விங் லிக்டன்ஸ்டைன் என்பவரும் அவருடைய சகாக்களும் தசைகளை இழுக்காமல் வலையை மட்டும் ஒட்டாக வைத்துத் தைக்கும் முறையை 1989-ம் வருஷத்தில் விவரித்தனர். வலையின் கண்கள் வழியே நமது சதை வளர்ந்து பின்னிக்கொள்வதால், வலையும் சதையும் ஒன்றாகி உறுதியான சுவராகின்றன. 2018-ம் வருஷத்தில் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்களும் பெரும்பாலான நோயாளிகளுக்கு வலை வைத்தலையே சிபாரிசு செய்கின்றன.

கொசுவலை செய்த உபகாரம்

வலை வைக்கும் முறை சிறந்ததாயினும், வியாபார வலையின் விலை ஏழைகளுக்கு எட்டாததாயிருந்தது. மகாராஷ்டிர மாகாணத்துத் தூலே ஜில்லாவில் தொண்டாயிச்சா என்னும் சிற்றூரில் பணிபுரிந்த ரண வைத்தியர் ரவீந்திரநாத் டோங்காவ்கர் இதைக் குறித்து யோசித்தார். விலையுயர்ந்த வலையும் சாதாரணக் கொசுவலையும் ஏறக்குறைய ஒரே இனத்து இழைகளால் ஆனவையென்று கண்டு, கொசுவலைத் துணியைத் தக்கபடி கிருமி நீக்கம் செய்து ரண சிகிச்சையில் உபயோகித்தார். அவரும் பல ஊர்களில் இருந்த சக வைத்தியர்களும் சேர்ந்து கண்ட பலனை 2003-ம் வருஷத்தில் இந்திய ரண வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள்.

பின்னர் ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா தேசத்தில் இது முறைப்படி பரிசோதிக்கப்பட்டது. 302 ஆண்களைச் சீட்டுப் போட்டதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வியாபார வலையும், மற்றப் பிரிவினருக்குக் கொசுவலைத் துணியும் வைத்தார்கள். 2016-ம் வருஷத்தில் வெளியான அதன் முடிவுப்படி, ஓராண்டுக்குப் பின் கொசுவலைப் பிரிவில் ஒருவருக்கு மட்டுமே நோய் திரும்பியது. மற்றப் பிரிவில் ஒருவருக்கும் திரும்பவில்லை. இவ்வேற்றுமை பொருட்படுத்தத் தக்கதன்று என்று முடிவுசெய்யப்பட்டது. இரு வலைகளின் விலைக்கும் இடையிலிருந்த வித்தியாசமோ சுமார் 125 டாலர். நம் அண்டை ஊராகிய கரூரில் நெய்யப்படும் கொசுவலைகளைப் போன்றதொரு சாதாரணப் பொருள், அறிவுடன் கையாளப்பட்டபோது உழைப்பாளிகளின் உபகாரியாயிற்று. ஆனால் கடையில் வாங்கிய கொசுவலையை அப்படியே உபயோகிக்கலாம் என்று யாரும் கருதலாகாது. துணியைத் தேர்ந்தெடுப்பதும், அதன் குணம் கெடாத உஷ்ணத்தில் கிருமி நீக்குவதும் தேர்ந்தவர்களின் வேலை.

சிகிச்சையும் பின்னர் நடந்துகொள்ளும் முறையும்

தொடையிடுக்கில் சிறு வெட்டுச் செய்து, குடலை உள்ளே தள்ளி, சுமார் 15 சென்டிமீட்டர் நீளமும் 7.5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள வலையைப் பதிப்பது திறந்த முறை. அவ்விடம் மட்டும் மரத்துப்போகும் ஊசி மருந்தைக் கொண்டே இதனைச் செய்யலாம். முதுகில் ஊசி போட்டும் செய்வதுண்டு. மூன்று சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்வது மற்றொரு முறை. அதற்கு முழு மயக்கம் வேண்டும்; தேர்ந்த கைப்பழக்கமும் வேண்டும். அதில் ஆரம்ப நோவு குறைவு. வேலைக்குத் திரும்புவதும் விரைவு. எம்முறை தக்கது என்பதை வயது, தேகநிலை, புடைப்பின் தன்மை ஆகியவற்றை நோக்கி ரண வைத்தியர் தீர்மானிப்பார்.

சிகிச்சைக்குப் பின் அன்றைக்கோ மறுநாளோ எழுந்து நடமாடலாம், நடமாடுவதே நல்லது. காய்கறி, கீரை, தண்ணீர் ஆகியவற்றை மிகுதியாகக் கொண்டு மலச்சிக்கலைத் தவிர்க்கவேண்டும். புகை பிடிப்பதைச் சிகிச்சைக்கு முன்னமே நிறுத்துதல் புண் ஆறுவதற்கு உதவும். இலேசான வேலைகளை நோவு அனுமதிக்கும் அளவில் சில நாட்களில் தொடங்கலாம். மூட்டை சுமத்தல், ஏர் பிடித்தல் முதலிய கடின வேலைகளை எப்போது தொடங்குவது என்பதை வைத்தியரிடம் வெளிப்படையாகக் கேட்டறிந்து அதன்படி நடக்கவேண்டும்.

ஒரு விஷயத்தை மறைக்காமற் சொல்லவேண்டும். ரண சிகிச்சைக்குப் பிறகு பத்தில் ஒருவருக்குச் சில மாதங்களுக்கு அப்பாலும் அவ்விடத்தில் நோவு நீடிக்கிறது. பெரும்பாலோருக்கு அது சிறிதளவே. ஒரு சிலருக்கு வேலையைத் தடுக்கும் அளவு இருக்கும். நரம்பு சம்பந்தப்படுவதே அதற்கு முக்கிய காரணம். இதற்கும் சிகிச்சை உண்டு. ஆகையால் நோவு நீடித்தால், விதியென்று சும்மா இராமல், சிகிச்சை செய்த வைத்தியரிடமே திரும்பச் செல்லவேண்டும்.

காத்திருக்கலாமா?

நோவில்லாத சிறு புடைப்புள்ள ஆண்கள் உடனே சிகிச்சை செய்துகொள்ள வேண்டுமா என்ற கேள்வி எழுகிறது. அமெரிக்காவில் அத்தகைய 720 ஆண்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2006-ம் வருஷத்தில் வெளியாயிற்று. காத்திருந்தவர்களில் குடல் சிக்கிக்கொள்ளும் அவசரம் ஏற்பட்டது வருஷத்துக்கு ஆயிரத்துக்கு 2 பேருக்கும் குறைவே. ஆனால் இரண்டு வருஷத்திற்குள் ஏறக்குறைய நாலில் ஒருவரும், பத்து வருஷத்திற்குள் மூன்றில் இருவரும், பெரும்பாலும் நோவு அதிகமானதால் சிகிச்சையை நாடிவிட்டனர். எனவே நோவில்லாதவர் வைத்தியரின் மேற்பார்வையில் காத்திருக்கலாம்; பயப்பட வேண்டுவதில்லை. அறுவடையும் விதைப்பும் முடிந்து ஓய்வுள்ள மாதத்தில், தாமே நாள் குறித்துச் செய்துகொள்ளலாம். நோவுள்ளவர்களும், ஸ்திரீகளும், குழந்தைகளும் காத்திருத்தல் தகாது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

நாள் குறித்துச் செய்யும் சிகிச்சைக்கும், நள்ளிரவில் அவசரமாகச் செய்யும் சிகிச்சைக்கும் உள்ள வேற்றுமை வைத்தியத்தில் மட்டுமல்ல, பொருளிலும் உண்டு. முன்னதற்குக் குடும்பம் தயாராயிருக்கலாம். பின்னதற்கோ கிடைத்த வட்டிக்குக் கடன் வாங்க நேரிடுகிறது. நகையும் நிலமும் அடகுக்குப் போகின்றன. 1904-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் செங்கற்பட்டு ஜில்லாவில் திரூர்ச் சங்கம் தோன்றிய காலந்தொட்டு, கடன் பளுவினின்று குடியானவரை விடுவிப்பதே நமது இயக்கத்தின் நோக்கம். ஆகவே இவ்விஷயம் சங்கங்களுக்கும் உரியதே.

அண்டை மாகாணமாகிய கர்நாடகம் இதில் ஒரு வழி காட்டிற்று. அங்கே 2003-ம் வருஷத்தில் யஷஸ்வினி என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. கூட்டுறவு சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு 60 ரூபாய், அதாவது மாதம் 5 ரூபாய், செலுத்த, ரண சிகிச்சைச் செலவைத் திட்டம் ஏற்றுக்கொண்டது. முதல் வருஷத்திலேயே சுமார் 16 லட்சம் பேர் சேர்ந்தனர். 2018-ம் வருஷத்தில் அது வேறு திட்டத்துடன் இணைக்கப்பட்டு நின்றது. பின்னர் 2022-ம் வருஷத்தில் மறுபடியும் தொடங்கப்பட்டது. பலர் சிறு தொகை செலுத்தி, சிலருக்கு வரும் பெருஞ்செலவைத் தாங்கலாம் என்னும் கூட்டுறவுத் தத்துவம் வைத்தியத்திலும் செல்லும் என்பதற்கு இதுவே சான்று.

நமது மாகாணத்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இச்சிகிச்சை இலவசமாகச் செய்யப்படுகிறது. சேலத்தில் 1986-ம் வருஷத்தில் நிறுவப்பெற்ற அரசு மோகன் குமாரமங்கலம் வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த ஆஸ்பத்திரியும், நாமக்கல்லில் 2022-ம் வருஷத்தில் திறக்கப்பெற்ற அரசு வைத்தியக் கல்லூரியும் உள்ளன. சேலம் நகரின் வடபுறத்தில் ஏற்காட்டுப் பாதையிலுள்ள அஸ்தம்பட்டியும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களும் இவ்வகையில் பாக்கியம் பெற்றவை. பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் ரண வைத்தியரை அடையலாம். ஆஸ்பத்திரி அருகிலிருந்தும் நோயை மறைப்பவர்களுக்கு அதனால் யாது பயன்? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்கள் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி பெற இடமுண்டு. தனியார் ஆஸ்பத்திரிக்குச் செல்பவர்கள், அந்த ஆஸ்பத்திரியும் தமக்குரிய சிகிச்சையும் திட்டத்தில் அடங்கியவைதானா என்று முன்னதாகவே கேட்டறிதல் நலம்.

ஒவ்வொரு சங்கமும் பின்வரும் காரியங்களைச் செய்யலாம்:

1. மகாசபைக் கூட்டத்தன்று ஆரம்ப சுகாதார நிலையத்து வைத்தியரை அழைத்து, இந்நோயின் அபாயக் குறிகளை விளக்கச் செய்தல்.
2. அங்கத்தினர் ஒவ்வொருவர் குடும்பத்திற்கும் காப்பீட்டு அட்டை உள்ளதா என்று பார்த்து, இல்லாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தல்.
3. விதிகள் இடங்கொடுக்கும் அளவில், வைத்தியத்திற்காகக் கேட்கும் நகைக் கடனுக்கு முதலிடம் அளித்தல்.
4. சிகிச்சை பெற்றவர் ஓய்விலிருக்கும் வாரங்களில், அவர் வயலுக்கு நீர் பாய்ச்சுதல், பால் ஊற்றுதல் முதலிய வேலைகளை அண்டையிலுள்ள அங்கத்தினர் முறை வைத்துச் செய்தல்.

இவற்றுள் நான்காவதற்கு ஒரு காசும் செலவில்லை. ஆயினும் பல குடியானவர்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது பணத்துக்காக அல்ல, "நான் படுத்தால் மாட்டை யார் பார்ப்பது?" என்ற கவலையாலேயே. அக்கவலையை நீக்குவது அண்டை வீட்டாரின் கையில் இருக்கிறது. தொடையிடுக்கில் புடைப்பு உள்ளவர் இன்றே வைத்தியரிடம் செல்க. அவருடைய வேலையை அதுவரை சங்கத்தார் ஏற்றுக்கொள்க.